பருத்தித்துறையிற் கற்ற கணக்கு

கல்லூரிக்கு நிதி திரட்டுவதென்றால் முதலில் எழும் யோசனை பலகார விற்பனைதான். நான்கு மேசை, நான்கு விரிப்பு, வீட்டுக்கு ஒரு பண்டம். மாலைக்குள் பணம் சேர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. எங்கள் நூல்நிலையத்து அலுமாரிகளைக் கறையான் அரித்துவிட்டது. புத்தகங்களை நிலத்திலே அடுக்கி வைத்திருந்தோம். ஆகவே இவ்வாண்டும் விற்பனை நடத்துவதென்று முடிவாயிற்று. என்ன பண்டம் செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அடுப்பங்கரையை எட்டியும் பாராத ஒருவனிடம் இப்பொறுப்பை ஒப்படைத்த அதிபரின் துணிவை என் மனைவி இன்னும் வியந்துகொண்டிருக்கிறாள்.

முந்திய ஆண்டு கேக் விற்றோம். பார்வைக்கு அழகு, பிள்ளைகளுக்கும் பிரியம். ஆயினும் கேக்குக்குப் போறணை வேண்டும். போறணை, பாண் ஆகிய இரண்டு சொற்களும் 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்தவை. நான்கு நூற்றாண்டு கழிந்தும் போறணை பேக்கரியோடு நின்றுவிட்டது. எல்லார் வீட்டுக் குசினிக்குள்ளும் அது புகவில்லை. மின்சாரப் போறணை உள்ள வீட்டார் கேக் செய்து அனுப்பினர். ஏனையோர் கடையில் வாங்கி அனுப்பினர். முட்டை சேர்ந்த பண்டம் சைவக் கல்லூரி வளவில் விற்கப்படலாமா என்று சில பெரியவர்கள் முகஞ் சுளித்தது வேறு கதை.

என் வகுப்பு மாணவன் ஒருவன் அன்று வரவில்லை. மறுநாட் காரணங் கேட்டேன். தலை குனிந்து நின்றான். பின்னர் அவனுடைய தோழன் சொல்லியே அறிந்தேன்: கொண்டுவர ஒன்றுமில்லாமையால் அவன் வரவில்லை. ஒவ்வொரு தட்டிலும் வீட்டாரின் பெயர் எழுதி வைத்தவன் நானே. அந்தப் பெயர்ச் சீட்டுகள் பல நாள் என் மனத்தை உறுத்தின.

"பருத்தித்துறை வடையைச் செய்யலாமே. அங்கேயே போய்ச் செய்முறையைக் கேட்டு வாருங்கள்" என்றாள் மனைவி. அடுத்த சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ இருபது மைல். கோப்பாயில் செம்மண் தோட்டங்கள் கண்ணுக்கு விருந்தாகின்றன. நீர்வேலியில் வாழைகள் குலை தள்ளி நிற்கின்றன. அச்சுவேலி கழிந்ததும் பசுமை குறைந்து, வல்லைவெளி விரிகிறது. மரமில்லை, மனையில்லை, பாலத்தின் இருபுறமும் நீரேரியும் உவர்நிலமுமே. அவ்வெளியிலுள்ள முனியப்பர் கோயிலைக் கடக்கையில் பஸ்ஸில் இருந்தோர் பலர் கைகூப்பினர். நெல்லியடிச் சந்தையின் ஆரவாரம் கடந்து சிறிது நேரத்தில், கடற்காற்று முகத்தில் உப்பைப் பூசியது.

பருத்தி ஏற்றிய துறையாதலாற் பருத்தித்துறை என்பர். கற்கள் நிறைந்த முனை என்னும் பொருளில் போர்த்துக்கேயர் இட்ட பெயரே ஆங்கிலத்தில் உருமாறி வழங்குகிறது என்றுஞ் சொல்வர். கரையில் நின்று முருகைக் கற்களைப் பார்த்தால் அப்பெயரிலும் பிழையில்லை. பட்டினத்திலுள்ள தெருமூடி மடத்தைக் காணாமல் திரும்பலாகாது. வீதியின் இருமருங்கும் திண்ணை. மேலே வீதியை மூடிய கூரை. வழிப்போக்கன் யாரென்று கேளாமலே நிழல் கொடுக்கும் கட்டடம் அது. அதன் திண்ணையிற் சற்று இளைப்பாறிவிட்டு, வடை சுடும் வீடு ஒன்றை விசாரித்துப் போனேன்.

ஒழுங்கையின் முடிவில் ஓலைக் கொட்டில். அதனுள் அறுபது வயது மதிக்கத்தக்க ஆச்சி ஒருவர் தாச்சியின் முன் இருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் ஒளிக்கவில்லை. ஊறிய உழுந்து, அவித்த கோதுமை மா, இடித்த செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, மெல்லிய தட்டாகத் தட்டி எண்ணெயில் இடுகிறார். தீயை அடக்கி, ஈரம் முழுதும் போகும்வரை பொரிக்கிறார். ஈரம் போவதனாலேயே அந்த வடை பல நாள் கெடாமல் மொறுமொறுப்பாய் இருக்கிறது. கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் பயணப்பெட்டிகளிலும் இடம் பெறுகிறது.

"வடை சுடுறது பெரிய வித்தையில்லைத் தம்பி. கணக்குத்தான் வித்தை" என்றார் ஆச்சி.

"என்ன கணக்கு, ஆச்சி?"

"மா, உழுந்து, எண்ணெய், விறகு. அதுக்குப் பிறகு என்ரை கூலி. கூலியை எழுதாமல் விட்டால் எல்லா வடையும் லாபந்தான்!"

2022 ஆம் ஆண்டில் மாவும் எண்ணெயும் விலையேறியபோது அவர் வடையை மெலிதாக்கவில்லையாம். பைக்கற்றில் எண்ணிக்கையைக் குறைத்து, குறைத்ததைச் சொல்லியே விற்றாராம். பின்னர் என்னைப் பார்த்து, "உங்கடை பள்ளிக்கூடத்துக் கேக்குக்கு என்ன செலவு?" என்று கேட்டார்.

மனத்துள் கூட்டிப் பார்த்தேன். ஒரு தாயார் 2,000 ரூபாவுக்கு மேற் செலவிட்டு, இரவு விழித்திருந்து செய்த கேக்கைத் துண்டு போட்டு 1,500 ரூபாவுக்கு விற்றிருந்தோம். அந்த 1,500 ரூபாவையும் வரவென்று மேடையில் அறிவித்துக் கைதட்டலும் பெற்றோம். பட்டதாரியாகிய எனக்கு அக்கணக்குப் பிழைத்தது.

"இன்னொண்டு சொல்லுறன், குறை நினையாதையுங்கோ. என்ரை வடை யாழ்ப்பாணத்துக் கடையளுக்கும் போகுது. நீங்கள் சும்மா உழைப்பிலை சுட்டு மலிவா வித்தால், அண்டைக்கு என்ரை வடையை ஆர் வாங்கிறது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில், வல்லைவெளியின் வெறுமையை நோக்கியபடி சிந்தித்தேன். நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கிய மண் இது. பொதுக் காரியத்துக்குப் பிடியரிசி சேர்க்கும் வழக்கமும் இம்மண்ணுக்கு உரியது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு பானையில் இடுவர். அப்பானைகளின் அரிசி ஒன்றாய்க் கலந்தபின், எந்தப் பிடி செல்வர் வீட்டது, எந்தப் பிடி வறியவர் வீட்டது என்று யாரும் பிரித்தறிய இயலாது. எங்கள் விற்பனை மேசையில் இல்லாது போனது அந்த நயமே. என்ன பண்டம் செய்வது என்ற வினாவுக்குள், யார் நாணமின்றிக் கொடுக்கலாம் என்ற வினாவும் அடங்கியிருந்ததை நான் உணரவில்லை.

பயற்றம் உருண்டை செய்வதென்று தீர்மானித்தோம். அதற்குப் போறணை வேண்டியதில்லை. எண்ணெய்த் தாச்சியும் வேண்டியதில்லை. பயறு, அரிசிமா, தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலக்காய் ஆகியவற்றில் இயன்றதை இயன்ற அளவு கொண்டுவரலாம். ஒன்றுமில்லாதவர் கைகளை மாத்திரங் கொண்டுவந்தாலும் போதும். பெயர்ச் சீட்டு இல்லை. கல்லூரி மண்டபத்திலே எல்லாரும் கூடி வறுத்தோம், இடித்தோம், பாகு சேர்த்து உருட்டினோம். சென்ற ஆண்டு வராத மாணவனின் தாயாரும் வந்தார். பயற்றைக் கருகவிடாது வறுக்கும் பதம் அவரைப்போல் எவருக்கும் தெரியவில்லை. மற்றத் தாய்மார் அவரைச் சூழ்ந்து நின்று கேட்டனர். மகன் பக்கத்திலிருந்து உருண்டை பிடித்தான். என்னுடையவை மட்டும் உருண்டையாகவே வரவில்லை.

வடை வேண்டாமென்று விடவுமில்லை. ஆச்சியிடம் அவர் சொன்ன விலைக்கே வாங்கி, கடை விலைக்கே விற்றோம். இலாபம் சிறிது, ஆயினும் ஒருவர் பிழைப்பைக் குறைத்துப் பெற்றதன்று.

மூன்று அலுமாரிகளுக்குத் திட்டமிட்டோம். இரண்டுக்கே பணம் சேர்ந்தது. மூன்றாவதற்குரிய புத்தகங்கள் இன்னும் நிலத்திலேயே இருக்கின்றன. இம்முறை வரவுசெலவைப் பலகையில் எழுதியபோது, தாய்மாரின் உழைப்பு மணித்தியாலங்களையும் ஒரு நிரலாக எழுதினேன். அந்நிரலைக் கூட்டித் தொகை கண்டபின், கைதட்டலை அவர்கள் பக்கந் திருப்பிவிட்டேன்.