செகண்ட் ஹேண்ட் பேஸ் கிட்டார்: வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஏடிஎம் கார்டு எடுத்துட்டுப் போங்க

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இன்னிக்கு டெங்குவும் இல்ல, தடுப்பூசியும் இல்ல. பழைய பேஸ் கிட்டார் ஒண்ணு வாங்கிச் சரி பண்ணினதைப் பத்தின த்ரெட். நடுவுல கொஞ்சம் மருத்துவம் வரும், அது தொழில் தோஷம். போன வாரம் நைட் டூட்டி ரூம்ல இருந்த போட்டோவைப் பாத்துட்டு இன்பாக்ஸ்ல நிறைய பேர் கேட்டதால எழுதறேன். நீளமா இருக்கும், டீ எடுத்துக்கோங்க.

பேஸ்னா என்னன்னு கேட்டவங்களுக்கு: இளையராஜா பாட்டு எதையாவது நல்ல ஹெட்ஃபோன்ல போடுங்க. குரலை விடுங்க, வயலினை விடுங்க. அடியில ஒருத்தர் தனியா நடந்து போய்க்கிட்டு இருப்பார் பாருங்க, அதுதான். போன் ஸ்பீக்கர்ல தேடாதீங்க. பேஸோட தடிமனான கம்பி திறந்த நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அந்தச் சின்ன ஸ்பீக்கரால அவ்வளவு கீழே போக முடியாது.

கம்பி நாலுதான், ஆனா நீளம். நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் 34 இன்ச். 1951-ல லியோ ஃபெண்டர் பிரெசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டு வந்தப்ப வச்ச அளவு இது. இன்னிக்கு வர்ற பேஸ் கிட்டார்லயும் பெரும்பாலும் அதே அளவுதான். சுருதி கூட்டின நிலையில நாலு கம்பியும் சேர்ந்து சுமார் 70, 80 கிலோ எடைக்குச் சமமா அந்த மெல்லிசான மரக் கழுத்தை இழுக்குது. ராத்திரி பகல்னு ஓய்வே இல்லாம. அப்படி இழுத்தா மரம் வில்லு மாதிரி வளையத்தானே செய்யும்?

அதுக்குத்தான் கழுத்துக்கு உள்ளே ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி ஓடுது. ஒரு முனையில நட்டு இருக்கும். முறுக்கினா கழுத்து பின்பக்கம் போகும், தளர்த்தினா கம்பி இழுக்கிற பக்கம் வளையும். முதுகுத்தண்டை முன்னாடியும் பின்னாடியும் தசைங்க பிடிச்சு நிறுத்துதுல்ல, அதே கதைதான். கோடை வெயில் முடிஞ்சு ஐப்பசி மழை பிடிச்சா மரம் ஈரத்தைக் குடிச்சுக் கொஞ்சம் நகரும். அப்பப்போ அந்த நட்டைத் திருப்பி விடணும். இது ரிப்பேரே இல்லை, பராமரிப்பு.

ஆனா இந்த ஒரு நட்டைப் பத்தித் தெரியாததாலேயே "நெக் போச்சு"ன்னு எத்தனையோ கிட்டார் பரண்ல கிடக்குது.

நான் வாங்கினதும் அப்படித்தான். ஆன்லைன்ல விளம்பரம்: "பேஸ் கிட்டார், நெக் பெண்ட், 6,000 ரூபாய்." எங்க தாலுகாவுல இருந்து பைக்ல ஒரு மணி நேரம். வித்தவர் மெல்லிசைக் குழுவுல 20 வருஷத்துக்கு மேல வாசிச்சவர், ஐம்பதைத் தாண்டிட்டார். திருவிழா, கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து எல்லாம் பாத்த மனுஷன். இப்போ அவங்க குழுவுல கீபோர்டு வாசிக்கறவரே இடது கையால பேஸையும் பாத்துக்கறாராம். பேஸுக்குன்னு தனியா ஒரு சம்பளம், வேன்ல தனியா ஒரு சீட்டு, ரெண்டும் மிச்சம். அதுக்கு மேல டவுன்ல ஒரு கடையில காட்டினப்போ, கையில வாங்கிப் பாத்த மாத்திரத்துல "கழுத்து முடிஞ்சுது, மாத்த 8,000 ஆகும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க.

பழைய கிட்டாரைக் கையில கொடுத்ததும் வாசிச்சுப் பாக்கணும்னு கை பரபரக்கும். அதுக்கு முன்னாடி ஆசாரி பலகையைப் பாக்கற மாதிரி ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு பிரிட்ஜ் பக்கத்துல இருந்து தலை வரைக்கும் பாருங்க. ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி வளைஞ்சிருந்தா பெரும்பாலும் பொழச்சுக்கும். ஒரு ஓரம் ஏறி, இன்னொரு ஓரம் இறங்கி முறுக்கிக்கிட்டு இருந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க. அதை ராடு சரி பண்ணாது.

அடுத்து, முதல் ஃப்ரெட்டை இடது கையால அழுத்தி, கழுத்து உடம்போட சேர்ற இடத்துல இருக்கற ஃப்ரெட்டை வலது கையால அழுத்தணும். இப்போ கம்பிதான் ஸ்கேல். நடுவுல, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளின்னு யாரையாவது பாக்கச் சொல்லுங்க. சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தா நல்லது. ஏடிஎம் கார்டோட தடிமன் 0.76. அவர் வீட்டுல அவரோட பையன் என் கார்டை விட்டுப் பாத்தான், உரசாம உள்ளே போயிட்டு வந்தது. அதாவது, தேவையானதுல ரெண்டு மடங்குக்கும் மேல வளைவு.

ராடு வேலை செய்யுதான்னு தெரியாம முடிவு சொல்லக்கூடாது. அவர்கிட்ட கேட்டுக்கிட்டு, கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, சரியான அளவு ஆலன் கீயை முழுசா உள்ளே இறக்கி, கடிகாரம் சுத்தற பக்கம் கால் சுத்து. கால் சுத்துதான், அதுக்கு மேல வேணாம். அளவு சரியில்லாத கீயைப் போட்டுத் திருகினா உள் விளிம்பு வழுக்கிடும், அப்புறம் நிஜமாவே கழுத்து போயிடும். திரும்ப சுருதி கூட்டிப் பாத்தா கார்டு லேசா உரச ஆரம்பிச்சது. நட்டுல இன்னும் திருப்ப இடம் இருந்தது.

"அண்ணே, இது கெட்டுப் போகலை. ராடை டைட் பண்ணிக்கிட்டே வந்தா நிமிர்ந்துடும். சரி பண்ணினா 10,000-க்கு மேலயே போகும்"னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "அப்போ நீங்க வாங்கலையா தம்பி?"

ஓபில "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொன்னா சிலர் முகம் வாடி, "அப்போ மருந்து தரமாட்டீங்களா"ன்னு கேப்பாங்க. அதே முகம்!

6,000-க்கே வாங்கியிருக்கலாமேன்னு நண்பர்கள் சொன்னாங்க. விவரம் தெரிஞ்சவன் லாபம் பாக்கறதுதானே சந்தைன்னு. எனக்கு அது ஒத்துக்கலை. அவரோட பொருளை அவர் வீட்டுலயே வச்சு சோதிச்சுப் பாத்திருக்கேன். ரிசல்ட்டை அவர்கிட்டயே மறைச்சா, எக்ஸ்ரேல எலும்பு உடையலைன்னு தெரிஞ்சும் மாவுக்கட்டுக்குக் காசு வாங்கற மாதிரி ஆயிடும். சரியாயிடும்னா நீங்களே வச்சுக்கோங்கன்னும் சொன்னேன். "இனி எங்க தம்பி வாசிக்கப் போறேன், பையனுக்கு ஃபீஸ் கட்டணும்"னார். 10,000 ரூபாய் கொடுத்து எடுத்துக்கிட்டேன்.

பேசிக்கிட்டு இருக்கும்போதே இடது கையை உதறிக்கிட்டே இருந்தார். கேட்டதுக்கு, "இந்தக் கிட்டாராலதான் தம்பி. கம்பி மேல நிக்குது, அழுத்தி அழுத்திக் கை போச்சு"ன்னார். கம்பி உயரம் பதினேழாவது ஃப்ரெட்ல 4 மில்லிமீட்டருக்கு மேல இருந்தது, வழக்கமா 2-ல இருந்து 2.5 வரை இருந்தாப் போதும். ஆக அவர் சொன்னதுல உண்மை இருக்கு. ஆனா ராத்திரி தூக்கத்துல கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போய் முழிப்பு வருதுன்னும், உதறினா சரியாகுதுன்னும் சொன்னார். மணிக்கட்டுல மீடியன் நரம்பு அழுத்தப்படறப்போ நோயாளிங்க அப்படியே சொல்ற கதை இது. கார்பல் டனல் சிண்ட்ரோம்னு பேர். இதுக்குப் பின்னாடி சில சமயம் சர்க்கரையோ தைராய்டோ ஒளிஞ்சிருக்கும். சர்க்கரை எப்போ பாத்தீங்கன்னா, பாத்ததே இல்லைன்னார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன், வந்தார். வெறும் வயித்துல 198. ஹெச்பிஏ1சி-யும் கூடத்தான் இருந்தது. இப்போ மாத்திரை எடுக்கறார், ராத்திரி மணிக்கட்டு மடங்காம இருக்க ஸ்பிளின்ட் போட்டுக்கறார். மரத்துப் போறது குறைஞ்சிருக்கு, இன்னும் முழுசா போகலை. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். பேரு மட்டும் வேணாம்னார்.

சரி, கிட்டாருக்கு வருவோம்.

வீட்டுல முதல் வேலை புதுக் கம்பி. செட் 2,000 ரூபாய்க்கு மேல ஆகும், பேஸ்ல செலவே இதுதான். மோட்டவுன் கம்பெனிக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தாத்தான் மாத்துவார்னு சொல்வாங்க. அது ஜேமர்சன், நமக்குப் புதுசே போடுவோம். போட்டு, சுருதி கூட்டி, ராடை ஒரு நாளைக்குக் கால் சுத்துன்னு நாலு நாள் திருப்பினேன். மரம் உடனே அடங்காது, அடுத்த நாள் பாத்தா இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அளக்க பைக் மெக்கானிக் டேப்பெட்டுக்கு வச்சிருக்கற ஃபீலர் கேஜ் போதும், என்னோடது அங்கே கடன் வாங்கினதுதான்.

கழுத்து அடங்கினதுக்கு அப்புறம்தான் பிரிட்ஜ்ல கம்பி உயரம். உயரம் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் கம்பியோட நீளம். இந்த வரிசையை மாத்தினா வேலை ரெண்டாகும், ஏன்னா கழுத்து நகர்ந்தா மத்தது எல்லாமே நகரும். நீளத்துக்கு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தி வாசிச்ச சுரமும் அதே இடத்துல லேசா தொட்டு எடுக்கற ஹார்மோனிக்கும் ட்யூனர் ஆப்ல ஒண்ணா இருக்கணும். அழுத்தினது ஏறி நின்னா, பிரிட்ஜ்ல இருக்கற சேடிலைப் பின்னாடி தள்ளிக் கம்பியை நீட்டணும். இறங்கி நின்னா முன்னாடி.

கர்ர்னு இரைச்சல் வந்தா உடனே கம்பியைத் தூக்காதீங்க. எங்கே வருதுன்னு பாருங்க. தலைவலின்னு வந்தவரை எந்தப் பக்கம், எப்போன்னு கேக்காம மாத்திரை எழுதுவோமா? திறந்த கம்பியில மட்டும்னா நட்டோட காடியைப் பாருங்க. முதல் நாலஞ்சு ஃப்ரெட்லன்னா கழுத்து ரொம்ப நிமிர்ந்திருக்கலாம், ராடைக் கொஞ்சம் தளர்த்தணும். பன்னிரண்டுக்கு மேலன்னா கம்பி ரொம்பத் தாழ்வு. ஒரே ஒரு இடத்துல மட்டும்னா பக்கத்து ஃப்ரெட் எழும்பியிருக்கும், அதை அனுபவம் உள்ளவங்க கையில கொடுங்க.

வால்யூம் திருப்பறப்போ வந்த கரகரப்பு, கான்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது தடவை திருப்பினதுல போயிடுச்சு. ஆம்ப்ளிஃபையர்ல போட்டா "ஹ்ம்ம்"னு ஒரு சத்தம், அது மட்டும் விடலை. அப்போ கம்பியைத் தொட்டுப் பாருங்க. தொட்டதும் சத்தம் குறைஞ்சா எர்த் வயர் பிழைச்சிருக்கு. எந்த மாற்றமும் இல்லைன்னா பிரிட்ஜுக்குப் போற வயர் அறுந்திருக்கலாம். எனக்கு அதேதான். 40 வாட் சால்டரிங் அயர்ன் வச்சு, வால்யூம் கன்ட்ரோலோட முதுகைச் சுரண்டி, ஈயம் வச்சு ஒட்டினேன், பத்து நிமிஷ வேலை. தையல் போடறதை விட ஈஸி, கத்தவும் மாட்டாங்க.

இந்த எர்த் விஷயத்துல கொஞ்சம் நில்லுங்க, மேடையில வாசிக்கற தம்பி தங்கைங்க யாராவது படிப்பீங்க. நம்ம கை படற கம்பிங்க பிரிட்ஜ் வழியா, கேபிள் வழியா ஆம்ப்ளிஃபையரோட உடம்புக்கும் அங்கிருந்து கட்டடத்தோட எர்த்துக்கும் போகுது. அந்த எர்த் சரியா இருக்கற வரைக்கும் பிரச்சினை இல்ல. திருவிழா மேடையில ஜெனரேட்டர், ஒட்டுப் போட்ட வயர், மூணாவது பின்னை உடைச்சுட்டு சொருகின பிளக்குன்னு இருந்தா, ஒரு கை கம்பியில, உதடு மைக்குல பட்டா 230 வோல்ட் நெஞ்சு வழியாவே போகலாம். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவோட கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி 1972-ல வேல்ஸ்ல ஸ்வான்சி மேடையிலயே, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்து போனார்.

ஹம் சத்தம் போகணும்னு எர்த் பின்னை யாரும் உடைக்காதீங்க. வாசிக்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏசில வச்சு, ஒரு முனையை மைக் வலையிலயும் இன்னொண்ணைக் கம்பியிலயும் வைங்க. வோல்ட் ஏறி நின்னா வாசிக்காதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மேடை லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லிக் கேளுங்க. யாருக்காவது ஷாக் அடிச்சா முதல்ல மெயினை அணைக்கணும், அப்புறம்தான் ஆளைத் தொடணும். மூச்சும் அசைவும் இல்லைன்னா நடு நெஞ்சுல வேகமா, ஆழமா அழுத்திக்கிட்டே இருங்க, இன்னொருத்தர் 108-க்குப் போன் போடட்டும்.

மொத்தச் செலவு கேட்டவங்களுக்கு: கிட்டார் 10,000, கம்பி 2,300, கிளீனர் ஸ்ப்ரே 350, ஈயம் வீட்டுலயே இருந்தது. ஃபீலர் கேஜைத் திருப்பிக் கொடுத்தாச்சு.

அஞ்சாவது, ஏழாவது ஃப்ரெட்ல கம்பிக்கு அடியில மட்டும் சின்னப் பள்ளம் விழுந்திருக்கு, 20 வருஷ வாசிப்பு. சத்தத்துல குறை தெரியலை. அரம் போடாம அப்படியே விட்டுட்டேன்.