ஒரு கையொப்பத்தின் விலை

பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நமக்கு இங்கே உற்றார் யார்? முன்னே வந்தவர்தாம் பின்னே வருபவருக்கு உற்றார். 1986ஆம் ஆண்டில் நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து குமாஸ்தாவாக அமர்ந்தபோது, தாராவியில் ஓர் அறைக்கு முன்பணம் கொடுக்கவும் வழியில்லை. அலுவலகக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 5,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் உறுப்பினர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் காகிதத்தைப் படித்தும் பாராமல் கையொப்பமிட்டார். “நம்ம ஊர்ப் பிள்ளை” என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. சங்கத்துக் கடனைத் தவணை தவறாமல் அடைத்தேன். அவரிடம் பட்ட நன்றிக்கடனை எங்ஙனம் அடைப்பது?

அதற்கு 2011ஆம் ஆண்டில் சந்தர்ப்பம் வாய்த்தது என்றே எண்ணினேன். செம்பூரில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்து வந்த எங்கள் ஊர் இளைஞன், சொந்தமாகக் கடை வைக்க விரும்பினான். வங்கியில் 3 லட்சம் ரூபாய். 36 மாதத் தவணை. “ஒரு கையெழுத்துத்தான் அண்ணாச்சி” என்றான். “அவன் கட்டாவிட்டால் நம்மால் கட்ட முடியுமா?” என்று என் மனைவி கேட்டாள். மனிதரை நம்பாமல் வாழ்வது எப்படி என்று அவளைக் கடிந்துகொண்டு கையொப்பமிட்டேன்.

அவன் சூதுக்காரன் அல்லன். 14 தவணைகள் ஒழுங்காகக் கட்டினான். பிறகு வியாபாரம் நொடித்தது. கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். சில மாதங்களில், வட்டியும் செலவும் சேர்த்து 2,15,000 ரூபாய் கட்டுமாறு எனக்குக் கடிதம் வந்தது.

“கடன் வாங்கியவனை முதலில் கேளுங்கள்” என்று வங்கியில் வாதாடினேன். அதிகாரி பொறுமையாகச் சட்டத்தை விளக்கினார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி, கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. கடனாளியிடம் வசூலிக்க முயன்று பார்த்த பிறகே ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்பதில்லை என்று 1968ஆம் ஆண்டிலேயே பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நான் நற்சாட்சிப் பத்திரம் என்று எண்ணிக் கையொப்பமிட்டது, உண்மையில் என் கடன் பத்திரமே!

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. ஜாமீன் நின்ற கடனும் சிபில் நிறுவனத்தின் பதிவேட்டில் நம் பெயரில் ஏறுகிறது. தவணை தவறினால் அந்தக் கறையும் நம்மையே சேர்கிறது. அதே ஆண்டில் என் மகளின் கல்லூரிப் படிப்புக்குக் கடன் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். மனைவியின் வளையல்களை விற்று இரண்டையும் சமாளித்தோம். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

கட்டிய தொகையைக் கடனாளியிடமிருந்து மீட்க 145ஆம் பிரிவு ஜாமீன்தாரருக்கு உரிமை தருகிறது. ஆயினும் அவன் தாய் குடியிருக்கும் ஓட்டு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர என் மனம் துணியவில்லை. ஊர்க் கொடைக்குப் போனால், என்னைக் கண்டதும் அவன் வேறு தெருவில் திரும்பிவிடுகிறான். பணம் போயிற்று, “அண்ணாச்சி” என்று அழைத்த குரலும் போயிற்று.

ஆகவே ஒருவருக்கும் உதவாதிருங்கள் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெரியவர் கையொப்பமிட்டிராவிட்டால் நான் இந்நகரில் நிலைத்திருக்கமாட்டேன். ஆனால் கையொப்பமிடுமுன் முழுத் தொகையையும் நாமே கட்டும்படி நேர்ந்தால் நம் குடும்பம் தாங்குமா என்று வீட்டாருடன் கலந்து பாருங்கள். பத்திரத்தை முற்றும் படித்து ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். தவணை கட்டிய விவரத்தை மாதந்தோறும் கேட்டறியுங்கள். கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

சென்ற மாதம் மற்றோர் இளைஞன் படிவத்துடன் வந்தான். இந்தத் தடவை நான் பேனாவை எடுக்கவில்லை. என் மனைவியை அழைத்தேன். இருவரும் யோசித்து, திரும்பி வராவிட்டாலும் வருந்தாத அளவில் 10,000 ரூபாயை அவன் கையில் கொடுத்தோம். அவன் முகம் சற்று வாடியது உண்மைதான். ஆயினும் மறுவாரமே, “அண்ணாச்சி” என்று அழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.