பின்னின்று உந்துவோர்

மேட்டுப்பாளையம் நிலையத்தில் காலை ஏழு மணியளவில் நீலமலை இரயில் புறப்படும்போது, முதன்முறை வருவோர் ஒன்றைக் கண்டு வியப்பர். எஞ்சின் முன்னால் இல்லை. பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அவற்றை மலைமேல் உந்திச் செல்கிறது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் அமைக்கப்பெற்ற இப்பாதையின் நீளம் 46 கிலோமீட்டர்தான். ஆயினும் கல்லாறு தாண்டியதும் ஏற்றம் கடுமையாகிறது. பன்னிரண்டு அடி சென்றால் ஓரடி உயர வேண்டிய இடங்களும் உண்டு. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும். ஆதலின் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டையைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அப்பற்களைப் பற்றிப் பற்றியே மேலேறுகிறது.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். அவ்வேளையில் கீழே இறங்கி நின்ற நான், கையிலிருந்த வாழைப்பழங்களைக் குரங்குகளிடம் பறிகொடுத்துவிட்டு, வெறுங்கையுடன் பெட்டிக்குத் திரும்பினேன். குன்னூரை அடைந்தபோது மணி பத்தரையைக் கடந்திருந்தது. குருமடத்தில் என்னுடன் பயின்ற நண்பர் நிலையத்தில் காத்திருந்தார். அவருடைய பங்கில் ஒரு வாரம் தங்கி மறையுரை ஆற்றவே நான் வந்திருந்தேன். சிம்ஸ் பூங்காவையும் காந்தல் குருசடியையும் கண்டு திரும்பலாம் என்பது என் எண்ணம். நான் கண்டு திரும்பியதோ வேறு.

மறுநாள் காலை நண்பர் தேயிலைத் தோட்டம் ஒன்றிலுள்ள லைன் வீடுகளைச் சந்திக்க என்னை அழைத்துச் சென்றார். சரிவு முழுவதும் பச்சைக் கம்பளமாய்த் தேயிலை. இடையிடையே நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள். பார்ப்பவர்க்கு அது அழகு. பறிப்பவர்க்கு அது கால்வலி. நீலமலைத் தோட்டங்களில் உழைக்கும் குடும்பங்களில் பல, 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் வழிவந்தவை. அவர்களுக்கு வாழ்வளிக்கவே 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இருமுறை வேரோடு பெயர்க்கப்பட்ட மக்கள் அவர்கள்.

நாங்கள் நுழைந்த வீட்டின் வாசற்படியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான். தேயிலை இலைகளைச் சிறியது, பெரியது என வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். நண்பர் பெயர் சொல்லி அழைத்தார், அவன் திரும்பவில்லை. சற்று நேரத்தில் இரு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டான். ஏன் என எனக்கு விளங்கவில்லை. ஒரு நிமிடம் சென்றிருக்கும். தொழிற்சாலைச் சங்கு ஊதியது! கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளை, சங்கு ஊதும் நேரத்தை முன்கூட்டியே அறிந்திருக்கிறான்.

“தினமும் இப்படித்தான் சாமி” என்றார் அவனுடைய தாய். “அந்தச் சத்தம் இவனுக்கு ஊசி குத்துவது போல் இருக்கிறதாம். டாக்டர் சொன்னார்.”

மருத்துவர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்லியிருந்தார். அரசின் ஏடுகளில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற பெயரும் வழங்கிற்று. அச்சிறுவனைக் கண்டபின் அப்பெயர் எனக்குப் பொருந்தாததாகவே தோன்றுகிறது. புற உலகம் அவனுக்கு இல்லாமல் இல்லை. நமக்கு எட்டுவதைவிட அதிகமாகவே அவன் செவிக்கும் கண்ணுக்கும் அது எட்டுகிறது. அதை ஒழுங்குபடுத்தி, பிறரோடு சொல்லாலும் பார்வையாலும் பகிர்ந்துகொள்வதே அவனுக்குக் கடினம். ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, கற்ற ஓரிரு சொற்களையும் இழத்தல் முதலியவை தொடக்க அடையாளங்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் இந்நிலையில் இருந்தனர். நம் பங்குகளிலும் இத்தகைய குடும்பங்கள் உள்ளன என்பதில் ஐயமில்லை. நாம் காணவில்லை என்றால், அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்பதே பொருள்.

அந்தத் தாயின் கதை சுருக்கமானது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தோட்டத்திலேயே காப்பகம் வேண்டுமென விதித்தது. எனவே ஆறு வயது வரை காப்பகம் அவனைத் தாங்கிற்று. பின்னர்ப் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாளே, அழைத்துச் செல்லுமாறு சொல்லிவிட்டார்கள். ஒருமுறை அவன் தனியே தேயிலைக்குள் ஓடிவிட்டான். காட்டெருமையும் கரடியும் உலவும் மலையில் மாலை வரை தேடினார்கள். அன்றிலிருந்து தாய் கொழுந்து பறிக்கப் போவதில்லை. ஒருவர் கூலியில் ஐவர் உண்கின்றனர். அண்டை வீட்டாரோ, “தாய் செய்த பாவம்” என்கின்றனர்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் பாவம் செய்தது யார் என்றே வினவினார்கள். ஆண்டவர் அக்கேள்வியையே புறந்தள்ளினார் என்பதை நாம் அறிவோம். ஆனால் அதே கேள்வியைக் கற்றறிந்தோரும் கேட்டார்கள் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு பிள்ளைகளைக் கண்டு இந்நிலையை விவரித்தார். அதன்பின் நெடுங்காலம், பாசமற்ற தாயின் வளர்ப்பே இதற்குக் காரணம் என்று அறிஞர் பலர் எழுதினர். படிக்காதவர் ‘பாவம்’ என்றதைப் படித்தவர் ‘வளர்ப்பு’ என்றனர். இரண்டும் ஒரே கல்தான், விழுந்ததும் ஒரே தாயின் தலையில்தான். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் உளவியலார் 1964-இல் ஒரு நூல் எழுதி அக்கருத்தை மறுத்தார். அவரும் அத்தகைய மகன் ஒருவனின் தந்தையே. தடுப்பூசியே காரணம் என்று 1998-இல் வெளியான ஆய்வுக்கட்டுரையும் 2010-இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழாலேயே நீக்கப்பட்டது. ஆகவே தாய்மார்களே, உங்கள் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டதும் பிழையன்று. நீங்கள் வளர்த்ததும் பிழையன்று.

இத்துறையில் ஒவ்வொரு கதவையும் தட்டித் திறந்தவர்கள் பெற்றோரே. 1962-இல் இலண்டனில் சில பெற்றோர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களுள் ஒருவரான லோர்னா விங், மகளுக்குத் தாயாகவும் மனநல மருத்துவராகவும் இருந்து இத்துறைக்கே வழிகாட்டினார். தங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளி இல்லாமையால், 1965-இல் அச்சங்கம் தானே ஒரு பள்ளியைத் திறந்தது. நம் நாட்டில் மெர்ரி பரூவா என்னும் தாய், தம் மகனின் பொருட்டுத் தொடங்கிய தேடலை 1991-இல் ‘ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்’ என்னும் அமைப்பாகத் தில்லியில் உருவாக்கினார். 1994-இல் ஒரு பள்ளியும் எழுந்தது. அங்குள்ள பயிற்சி முறை குறிப்பிடத்தக்கது. பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. தாயோ தந்தையோ மூன்று மாதம் பிள்ளையோடு வந்திருந்து, அவனுக்குக் கற்பிக்கும் வழியைத் தாமே கற்றுக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். சென்னையிலும் பூனம் நடராஜன் என்னும் தாய், மூளை முடக்குவாதம் உற்ற தம் மகனின் பொருட்டு 1985-இல் தொடங்கிய பணி, இன்று ‘வித்யாசாகர்’ என்ற பெயரில் நிலைபெற்றுள்ளது.

சட்டமும் இவ்வாறு உந்தப்பட்டே நகர்ந்தது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக அதை ஏற்றது. தங்கள் பிள்ளைக்காக நடந்த பெற்றோரின் பாதையில்தான் இன்று பிறர் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் அந்தத் தாயிடம் ஆர்வத்துடன் விவரித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டபின், “மூன்று மாதம் தில்லியில் இருந்தால் இங்கே யார் சாமி உலை வைப்பது?” என்றார். என்னிடம் விடை இல்லை. மலையேறி வரும் உதவியே மலைவாழ் ஏழைக்கு உதவி. சமவெளிக்கு வந்து பெற்றுக்கொள் என்பது பெரும்பாலும் இல்லை என்பதற்கு வேறு பெயர். பின்னர் அவர் தயங்கிக் கேட்டது இன்னும் கனமானது. “எனக்குப் பிறகு இவனுக்கு யார்?” பெற்றோர் தொடங்கிய அமைப்புகளின் பின்னே இக்கேள்வியே நிற்கிறது.

விடைபெறும்போது நண்பர், “ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவதில்லையே, அம்மா?” என்று கேட்டார். “இவன் சத்தம் போடுவான் சாமி. முன்பு ஓர் ஊரில் சாமியார் ஒருவர் எங்கள் உறவுக்காரப் பெண்ணை, பிள்ளையோடு வெளியே போகச் சொல்லிவிட்டாராம். அந்த அவமானம் எனக்கு வேண்டாம்” என்றார் அவர்.

அன்பார்ந்த வாசகர்களே, அச்சொல் என்னைச் சுட்டது. அந்தச் சாமியார் நான் அல்லேன். ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குமுன், சமவெளிப் பங்கு ஒன்றில், கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலியில் ஒரு சிறுவன் இடைவிடாமல் கூவிக்கொண்டிருந்தான். நான் என் மறையுரையை நிறுத்தி, ஒலிபெருக்கியிலேயே, “அந்தப் பிள்ளையை வெளியே தூக்கிச் செல்லுங்கள்” என்றேன். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தாய் தலைகுனிந்து வெளியேறினார். அதன்பின் அக்குடும்பத்தை நான் கோயிலில் கண்டதில்லை. தேடிச் செல்லவும் இல்லை. இடமின்றி மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தையைப் பற்றித்தான் நான் அன்று பேசிக்கொண்டிருந்தேன்!

அந்த ஞாயிறு, நண்பர் மலைக் கோயிலின் வாயிலருகே கடைசி விசுப்பலகையை அக்குடும்பத்துக்கென ஒதுக்கினார். ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைத்தார். மணி அடிப்பதற்குமுன் பீடச் சிறுவன் தாய்க்குச் சைகை காட்டினான். மகன் காதைப் பொத்திக்கொண்டான். நடுவே எழுந்து கோயிலின் பின்புறம் அங்குமிங்கும் நடந்தான். இருமுறை உரக்கக் கூவினான். சிலர் திரும்பினார்கள். முதியவள் ஒருத்தி, திரும்பியவர்களைப் பார்த்து, “முன்னாலே பாருங்கள்” என்றாள். திருப்பலி முடிந்ததும் அவளே அத்தாயிடம், “சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நான் வந்து இவனோடு இருக்கிறேன். நீ துணி துவைத்துக்கொள்” என்று சொன்னதை நான் கேட்டேன். என் மறையுரையைவிட அவள் சொன்னதே அன்று பயனுடைய உரை.

பங்குமக்களாகிய நாம் செய்யக்கூடியது வேறென்ன? எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இத்தகைய குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு உடன் சென்று அடையாள அட்டை பெற உதவலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பியதும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் வழியாகச் சட்டப்படியான பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். ‘எனக்குப் பிறகு யார்?’ என்னும் கேள்விக்கு இது முழு விடையன்று. விடையின் முதல் வரி. இவற்றுக்கெல்லாம் முன்பாக, இரண்டு தாய்மார்களை ஒருவரோடொருவர் பேசச் செய்யலாம். பெற்றோர் சங்கங்கள் யாவும் அவ்வாறுதான் பிறந்தன.

வாரம் முடிந்து மலையிரயிலிலேயே கீழே இறங்கினேன். இறங்கும்போது அந்த எஞ்சின் முன்னால் நிற்கிறது. பெட்டிகள் கட்டின்றி உருண்டோடாதபடி அவற்றின் பாரத்தைத் தானே தாங்குகிறது. ஏறும்போது பின்னின்று உந்துவதும், இறங்கும்போது முன்னின்று தாங்குவதும் பெற்றோர்க்கு இயல்பு. நாம் நடுவிலுள்ள அந்தப் பல் பட்டையாய் இருந்தால் போதும். அது யாரையும் இழுப்பதில்லை, வழுக்கி வீழாதபடி பிடி கொடுக்கிறது.

ஊர் வந்து சேர்ந்ததும், நான் பணியாற்றிய அந்தப் பழைய பங்குக்குக் கடிதம் எழுதி, அக்குடும்பம் இப்போது எங்கே இருக்கிறதென வினவியுள்ளேன். பதில் வந்ததும் நேரில் செல்வேன். இருபது ஆண்டுகள் தாமதமான மன்னிப்பு அது. அடுத்த ஞாயிறு உங்கள் கோயிலில் ஒரு பிள்ளை கூவினால், நீங்கள் அத்தகைய தாமதத்துக்கு ஆளாகாதீர்கள். திரும்பிப் பார்க்காதீர்கள்; சற்றே நகர்ந்து இடம் கொடுங்கள்.