கட்டிலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊர் கோயிலில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் குப்புற அடுக்கியிருக்கும். ஆளுக்கு ஒன்று. கையில் வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு. அந்த முறை அம்மாவுக்கு வந்தது நீடித்த ஆயுளைப் பற்றிய வசனம். மார்ச்சில் கணையத்தில் புற்று என்று தெரிந்தது.

"அட்டை மாறிப் போச்சுல. எனக்கு முன்னால நின்னவ எடுக்க வேண்டியது" என்று அம்மா சிரித்தாள். ஸ்கேன் ரிப்போர்ட் என் கையில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் 40 நாட்களுக்கு மேல் இருந்தோம். ஞாயிறு மதியமானால் ஊழியத்துக்கு ஆட்கள் வருவார்கள். ரொட்டிப் பாக்கெட், கைப்பிரதி, ஜெபம். ஒருநாள் ஒருவர் அம்மாவிடம், "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சநேரம் யோசித்தாள். "அசனத்துல ரெண்டு பந்தியில உக்காந்துருக்கேன்யா."

பக்கத்துக் கட்டில் பாட்டி சிரித்த சிரிப்பில் டிரிப்ஸ் ஊசி விலகிவிட்டது. நர்ஸ் வந்து எல்லாரையும் திட்டிவிட்டுப் போனார்.

அந்த மனிதர்மேல் எனக்குக் கடுங்கோபம். ஆனால் அதைக் காட்ட முடியவில்லை. ஏனென்றால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரி நாட்களில் வாலிபர் கூட்டத்தோடு இதேபோல் வார்டு வார்டாகப் போனவன் நான். எட்டு வயசுப் பையன் படுத்திருந்த கட்டில் ஓரத்தில் நின்று அவன் அப்பாவிடம், "இதுல கர்த்தருக்கு ஒரு நோக்கம் இருக்கும்ணே" என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்குப் புள்ள இருக்கா தம்பி?" இல்லை என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அந்தக் கட்டிலில் வேறு ஆள். பையன் வீட்டுக்குப் போனானா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி இரவுகளில்தான் யோபு புத்தகத்தை முழுசாக வாசித்தேன். 42 அதிகாரம். எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். ஏழு நாள், இரவும் பகலும், அவனோடு தரையில் உட்காருகிறார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை எல்லாம் சரி. அப்புறம் வாய் திறக்கிறார்கள். நீ ஏதாவது பாவம் செய்திருப்பாய் என்று அதிகாரம் அதிகாரமாக வாதம். கடவுளைத் திட்டித் தீர்த்தவன் யோபு. ஆனால் கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருவது, அவருக்காக வக்கீல் வேலை பார்த்த இந்த மூன்று பேர்மேல்தான்.

வியாழக்கிழமைகளில் எங்கள் தெரு சித்தி ஒருத்தி பஸ் பிடித்து வருவாள். பீடி சுற்றுகிறவள். ஒருநாள் வந்தால் ஒருநாள் கூலி போச்சு. முத்தாரம்மனைக் கும்பிடுகிறவள். வந்ததும் அம்மாவுக்குத் தலை சீவிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள். யார் வீட்டு ஆடு யார் வாழையை மேய்ந்தது என்று கதை சொல்லுவாள். நோயைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டாள். அம்மாவுக்கு வலி கூடினால் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் சும்மா இருப்பாள். அவளுக்கும் ஒருகாலத்தில் நான் கைப்பிரதி கொடுத்திருக்கிறேன். மடித்துப் பீடித் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழன் அவள் கிளம்பிப் போனபின் அம்மா சொன்னாள்: "இவளுக்கு இனிமே நோட்டீஸ் எதுவும் குடுத்துராதல. அதுல உள்ளத அவ ஏற்கெனவே செஞ்சிட்டு இருக்கா."

ஆகஸ்டில் அம்மா போய்விட்டாள். அட்டை இன்னும் அவள் பைபிளுக்குள் இருக்கிறது. 'விசுவாசம் இருக்கா, போச்சா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போகவில்லை. இப்போதும் சில ஞாயிறுகளில் வார்டுக்குப் போகிறேன், சட்டைப்பையில் ஒரு நகவெட்டியோடு. போனவாரம் கூட வந்த தம்பி கேட்டான், "ஒண்ணுமே சொல்லாம வாரீங்களேண்ணே, இது எப்பிடி ஊழியம்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பையனின் அப்பா எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வார்டுக்குள் நுழையும்போதும் முதலில் அவர் முகத்தைத்தான் தேடுகிறேன்.