எழும்பூரில் ஒரு ராத்திரி

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும்தான் ஞாபகத்துக்கு வரும். உள்ளூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. அது ஹாக்கி. என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயந்திரம் மில் சங்கு ஊதியதும் டிபன் தூக்குவாளியை வீட்டில் வைத்துவிட்டு நேரே மைதானத்துக்கு வந்து நின்ற அப்பாமார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

இந்தக் கட்டுரை 2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை ராத்திரி சென்னையில் நான் பார்த்த ஒரு மேட்சைப் பற்றியது. எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், மேட்சை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். மீதிப் பாதி எனக்கும் என் மகனுக்கும் இடையில் உள்ளது.

முதலில் என் கதை. நானும் விளையாடியவன்தான். லெஃப்ட் இன் ஆடுவேன். கரிசல் மண்ணில் சரளை கொட்டி அடித்த மைதானம். வெயில் காலத்தில் பந்து எங்கே விழுந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பிரம்மனுக்கும் தெரியாது. ஐப்பசி மழை பெய்தால் செருப்பில் ஒரு படி மண் ஒட்டும், மைதானம் காய ஒரு வாரம் ஆகும். 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து நாம் உலகக் கோப்பை வாங்கியபோது எனக்கு 20 வயது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டோம். அசோக் குமார் கோல் போட்டதும் டீக்கடைக்காரர் அன்றைக்குக் குடித்த எல்லாருக்கும் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஹாக்கி மூலமாக ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைக்கும் என்று நம்பி மூன்று வருஷம் காத்திருந்தேன். என்னோடு விளையாடியவர்களில் சிலருக்குக் கிடைத்தது. எனக்கு முழங்கால் போனது, வேலை கிடைக்கவில்லை. அந்த மூன்று வருஷமும் வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டிய காசில்தான் நான் சாப்பிட்டேன். பிறகு பரீட்சை எழுதி குமாஸ்தா ஆனேன்.

அந்தப் பயம் எனக்குள் இருந்தது. என் மகன் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவனை மாவட்ட அணிக்கான பயிற்சி முகாமுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவனும் லெஃப்ட் இன். என்னைவிட நல்ல ஆட்டக்காரன் என்று இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை. அப்பா கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் கொண்டுவந்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. "ஏல, இது சோறு போடுமாலே?" என்று கேட்டேன். அவன் ஸ்டிக்கை வாங்கிப் பரணில் போட்டேன். அவன் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. படித்தான், இன்ஜினியர் ஆனான், சென்னையில் வேலை பார்க்கிறான். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஹாக்கியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

2023 ஆகஸ்டில் ஒரு நாள் அவனே போன் பண்ணினான். "ப்பா, ஆசிய சாம்பியன்ஸ் டிராபி எழும்பூர்ல நடக்குது. ஃபைனலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். வாங்க" என்றான். எதற்கு என்னைக் கூப்பிடுகிறான் என்று யோசித்தேன். கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

அன்று ஜப்பானோடு அரையிறுதி. எதிர் சீட்டுப் பையன் செல்போனில் பார்த்துக்கொண்டு வந்தான். சாத்தூர் தாண்டியிருக்கும், இந்தியாவின் ஐந்தாவது கோல் விழுந்தது. போட்டது செல்வம் கார்த்தி. அரியலூர்ப் பையன், ஆனால் தேறியது எங்கள் ஊரில் உள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியில். அதே விடுதியில் பயின்றவர்தான் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேல். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இருவரும் ஒன்றாக இந்திய அணிக்கு அறிமுகமானார்கள். "இந்தக் கார்த்தி எங்க ஊர்ல படிச்ச பையன்" என்று பெட்டியில் இருந்தவர்களிடம் சொன்னேன். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்கென்னவோ தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாயந்திரம் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்குள் போனதும் முதலில் என் கண்ணில் பட்டது தரைதான். நீல நிறம். தண்ணீர் பீய்ச்சி நனைக்கிறார்கள். பந்து தரையோடு தரையாகப் போகிறது, ஒரு துள்ளல் கிடையாது. நாங்கள் தண்ணீர் தேங்கினால் மேட்ச் நிறுத்தினவர்கள். இவர்கள் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தொடங்குகிறார்கள். எங்கள் காலத்தில் 35 நிமிஷமாக இரண்டு பாதி, இப்போது 15 நிமிஷமாக நான்கு கால் பகுதி. ஆஃப்சைடும் கிடையாது. மகன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். இவ்வளவும் இவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

முதலில் ஜப்பான் கொரியாவை ஜெயித்து மூன்றாமிடம் பிடித்தது. எட்டரை மணிக்கு இந்தியாவும் மலேசியாவும் இறங்கின. ஸ்டேடியத்தில் உட்கார இடமில்லை. லீக் ஆட்டத்தில் இதே மலேசியாவை 5-0 என்று அடித்திருந்தோம், அதில் முதல் கோல் கார்த்தியுடையது. அதனால் கூட்டம் கோப்பையைக் கையில் வாங்கிவிட்ட மாதிரிதான் உட்கார்ந்திருந்தது.

ஒன்பதாவது நிமிஷம் பெனால்டி கார்னரில் ஜுக்ராஜ் சிங் கோல் போட்டார். காது அடைத்துப்போகும் சத்தம். 14ஆவது நிமிஷம் மலேசியா சமன் செய்தது. பரவாயில்லை என்றிருந்தோம். 18ஆவது நிமிஷம் ராஸி ரஹீம் பெனால்டி கார்னரில் ஒன்று. 28ஆவது நிமிஷம் இன்னொன்று. பாதி ஆட்டம் முடியும்போது 1-3. பிரசாதம் தீர்ந்துபோன கோயில் மாதிரி ஆகிவிட்டது ஸ்டேடியம். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

எனக்கும் முழங்கால் வலித்தது. "கிளம்புவமாய்யா? கூட்டத்துல மாட்ட வேண்டாம்" என்றேன்.

அவன் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இன்னும் 30 நிமிஷம் இருக்குப்பா. கடைசி விசில் வரைக்கும் ஸ்டிக்கைக் கீழ போடக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

சொல்லிக்கொடுத்தது உண்மைதான். அவனுக்கு ஏழு வயதில் சொன்னது. அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, எனக்குத்தான் குத்தியது. நான் பேசாமல் உட்கார்ந்தேன்.

மூன்றாவது கால் பகுதியில் நம் ஆட்கள் அலை அலையாகப் போனார்கள். கார்த்தி களத்துக்குள் வரும்போதெல்லாம் மகன் என் முழங்கையில் தட்டி "நம்மாளு" என்றான். கோல் மட்டும் விழவில்லை. அந்தக் கால் பகுதி முடிய ஒரு நிமிஷம் கூட இல்லை, இந்தியாவுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் வந்து நின்றார். அத்தனை ஆயிரம் பேரும் மூச்சை அடக்கினோம். அடித்தார். 2-3. உட்கார்ந்தவர்கள் எழுந்து, எழுந்தவர்கள் உட்காருவதற்குள் குர்ஜந்த் சிங் இன்னொன்று போட்டார். 3-3! இரண்டு கோலும் 45ஆவது நிமிஷத்துக்குள். இரண்டாவது கோலை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. முன்சீட்டுக்காரர் தோளில் அடித்துக் கத்திக்கொண்டிருந்தேன். அவர் யாரென்றே தெரியாது. அவரும் திரும்பி என்னைக் கட்டிக்கொண்டார்.

கடைசிக் கால் பகுதி. யாரும் உட்காரவில்லை. 56ஆவது நிமிஷம் ஆகாஷ்தீப் சிங் அடித்த பந்து உள்ளே போனது. 4-3. மீதி நான்கு நிமிஷம் நாற்பது நிமிஷமாக நகர்ந்தது. ஹூட்டர் ஒலித்ததும் திரும்பிப் பார்த்தேன். என் மகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றான். 38 வயது ஆள். அன்றைக்கு நான் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அழாதவன்.

இந்தியாவுக்கு அது நான்காவது ஆசிய சாம்பியன்ஸ் டிராபி. கார்த்தி கழுத்தில் மெடல் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தோம். எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் டீ குடித்தோம். எனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன். "அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கணும்யா."

அவன் கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். "விடுங்கப்பா, அது முடிஞ்சு போன கதை. நான் இந்தியாவுக்கெல்லாம் ஆடியிருப்பேன்னு நினைக்கல. படிக்கச் சொன்னதும் தப்பில்ல" என்றான். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா அந்த கேம்ப்புக்கு மட்டும் விட்டிருக்கலாம். பத்து நாள்தானே" என்றான்.

பெரிய வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக அவன் மனதில் இருந்தது ஒரு பத்து நாள்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வேலை, சம்பளம், வாழ்க்கை என்று நான் என்னென்னவோ கணக்குப் போட்டிருந்தேன். அவன் கேட்டது பத்து நாள்.

ஊருக்கு வந்து பரணில் ஏறி ஸ்டிக்கைத் தேடினேன். கைப்பிடியில் சுற்றிய டேப் இற்றுப்போய், கட்டையைச் செல் அரித்திருந்தது. எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், அதற்குமேல் அதை ஒன்றும் செய்வதற்கில்லை.

இப்போதெல்லாம் சாயந்திரம் கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்வெளி மைதானத்துக்கு நடந்து போய் வேலியோரம் நிற்கிறேன். பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க வரும் அப்பாமார்கள் பேச்சுவாக்கில் கேட்பார்கள்: "அண்ணாச்சி, நீங்க பழைய பிளேயர்னு சொன்னாங்க. இவனைக் கேம்ப்புக்குக் கூப்பிடுதாங்க. படிப்பு கெட்டுருமோ?"

"அனுப்பிருங்க. பத்து நாள்ல ஒண்ணும் கெட்டுராது" என்று சொல்கிறேன். வேலை கிடைக்கும், இந்திய அணியில் இடம் கிடைக்கும் என்றெல்லாம் சொல்வதில்லை. அது யாருக்கும் தெரியாது.