வாஷிங்டன் வக்கீலும் ஒரு சர்ட்டிபிகேட்டும்!

கோர்ட் உத்தியோகத்தில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் கோயில், குளம், கடற்கரை என்று பார்க்கத் தோன்றாது. "இங்கே கோர்ட் எங்கே இருக்கு?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

2023 ஜூன் மாதம், வாஷிங்டனை அடுத்த வீட்டன் என்ற ஊரில் மகள் வீட்டில் போய் இறங்கிய மறுநாளே இதைக் கேட்டேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"கோர்ட்டைத் தேடி ஏன் அலையணும் மாமா? பக்கத்து வீட்டுக்காரரே வக்கீல்தான். கவர்ன்மென்ட் வக்கீல்!"

அன்று சாயந்திரமே, என் சகதர்மிணி சுட்ட முறுக்கு டப்பாவோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆறடி உயரம், நரைத்த தலை, அரை டிராயர். ஒரு வக்கீலை அரை டிராயரில் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை! உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நம்ம ஊர் வழக்கப்படி முதல் கேள்வியைப் போட்டேன்.

"உங்க மிஸஸ் வெளியே போயிருக்காங்களா?"

"மிஸஸ் இல்லை... எனக்குக் கணவர். ஸ்கூல் வாத்தியார். இப்போ வந்துடுவார்" என்றார், சாயந்திரம் மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

என் கையிலிருந்த காபி ஆடியது நிஜம். என்ன பேசுவது என்று தெரியாமல், "வாத்தியார் வேலை நல்ல வேலை" என்று உளறிவிட்டு எழுந்து வந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சகதர்மிணி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "வீட்டில ரெண்டு ஆம்பளைங்க... அந்தச் சின்ன டப்பா எப்படிப் போதும்?" மறுநாள் பெரிய டப்பா போயிற்று.

முறுக்கு செய்த வேலையோ என்னவோ, "ஒரு நாள் என்கூட வாங்க சார், எங்க கோர்ட்டைக் காட்டறேன்" என்று அழைப்பு வந்துவிட்டது.

வீட்டன் மெட்ரோ ஸ்டேஷனின் எஸ்கலேட்டர் 230 அடி நீளம். அமெரிக்கக் கண்டங்களிலேயே இதுதான் மிக நீளமானதாம். இறங்க இறங்கப் பாதாள லோகம் வந்துகொண்டே இருந்தது. வக்கீல் கோட்டு, டை எல்லாம் பக்காவாகப் போட்டிருந்தார். காலில் மட்டும் ஓட்டப் பந்தய கேன்வாஸ் ஷூ!

"கோர்ட் ஷூ பையில இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு இவ்வளவு தூரம் நடந்தா முழங்கால் கேஸ் போட்டுடும்" என்றார். சுற்றிப் பார்த்தேன். கோட்டுப் போட்ட பாதிப் பேர் காலில் அதே கேன்வாஸ் ஷூதான். வண்டிக்குள் சாப்பிடக் கூடாது என்று சட்டம். நான் பையிலிருந்த முறுக்கைத் தொடவே இல்லை. பக்கத்தில் வக்கீல் இருந்தும்கூட!

ஜுடிஷியரி ஸ்கொயரில் இறங்கி மேலே வந்தால் கண்ணெதிரே ஒரு பிரம்மாண்டமான செங்கல் கட்டடம். 1 கோடியே 55 லட்சம் செங்கல்! 1887-ல் கட்டி முடித்தது. ராஜாவோ ஜனாதிபதியோ குடியிருக்க என்று நினைத்தால் தப்பு. உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட சிப்பாய்களுக்குப் பென்ஷன் கணக்குப் பார்க்கிற குமாஸ்தாக்களுக்காக! உள்ளே 75 அடி உயரத் தூண்கள். இப்போது மியூசியமாம். நாங்கள் ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே ரிஜிஸ்டர்மேல் சாக்கைப் போர்த்தி வேலை பார்த்தது ஞாபகம் வந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்தேன்.

கவர்ன்மென்ட் வக்கீல் என்றால் பெரிய பெரிய கேஸ் என்று நினைத்திருந்தேன். "பாதி நாள் தபால் வேன் கேஸ்தான்" என்று சிரித்தார். தபால்காரர் வேனைக் கொண்டுபோய் யார் காரிலோ இடித்துவிடுவார். கார்க்காரர் அரசாங்கத்தின்மேல் வழக்குப் போடுவார். அப்படிப் போடலாம் என்று 1946-லேயே சட்டம் வந்துவிட்டது. அரசாங்கத்துக்காக இவர் ஆஜராவார். கட்டு இல்லை, நாடா இல்லை, டவாலி இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் தாக்கல். ராத்திரி 11.59-க்குக்கூடத் தாக்கல் செய்யலாமாம். அதனாலேயே ராத்திரி 11.59 வரை தூக்கம் கிடையாது! கூடப் படித்தவர்கள் பிரைவேட்டில் இவரைப்போல் பல மடங்கு சம்பாதிக்கிறார்கள். இவர் மத்தியானம் மேஜையிலேயே சாண்ட்விச்சைக் கடித்தபடி தபால் வேனின் பம்பர் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பின்னே ஏன் சார் இதிலேயே இருக்கீங்க?"

"கோர்ட்ல எழுந்து நின்னு, 'அமெரிக்காவுக்காக ஆஜராகிறேன்'னு சொல்றேன் பாருங்க... இருபது வருஷமாச்சு. இன்னும் அதைச் சொல்றப்ப முதுகு நிமிருது!"

அந்த வாக்கியத்தின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை. மத்தியானம்தான் புரிந்தது.

ஜூன் மாதத்தை அங்கே 'பிரைடு' மாதம் என்கிறார்கள். தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் தலைநிமிர்ந்து நடக்கிற மாதம். 1969 ஜூனில் நியூயார்க்கில் போலீஸ் கெடுபிடியை எதிர்த்து எழுந்த கலகத்தின் நினைவாக வந்தது. வக்கீலின் ஆபீசிலும் அன்று ஒரு சின்ன விழா. இரண்டு வாரம் முன்பே என் பாஸ்போர்ட் நம்பரை வாங்கி அனுமதி வைத்திருந்தார். சட்டையில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் பாத்ரூமுக்குக்கூடப் போகக் கூடாது!

வெடி, மேளம் எதுவும் இல்லை. ஒரு மீட்டிங் ரூம், வானவில் கலரில் கேக், காகிதக் கப்பில் காபி. மேலதிகாரி இரண்டு நிமிஷம் பேசினார். மூன்று பேருக்கு சர்ட்டிபிகேட். நம் வக்கீலுக்கும் ஒன்று. புதிதாக வரும் இளம் வக்கீல்களை ஆறு வருஷமாகக் கைபிடித்துப் பழக்கிவிட்டாராம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். 'இதுக்கா இவ்வளவு?' என்று மனசுக்குள் ஓர் அலட்சியம் இருந்ததை மறைக்கவில்லை.

அப்புறம், ரிட்டயரான ஓர் அம்மாள் எழுந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல். 1972-ல் வேலைக்குச் சேர்ந்தவர். சொன்னது இவ்வளவுதான்:

"ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆபீஸ்ல கேப்பாங்க... லீவுல என்ன பண்ணீங்கன்னு. 'துணி துவைச்சேன்'னு சொல்வேன். இருபது வருஷம் அதையே சொன்னேன். இவ்வளவு துணியா இவளுக்குன்னு நினைச்சிருப்பாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு வயதான அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் கூடவே இருந்தவர் போலிருக்கிறது.

சாயந்திரம் வக்கீல் என்னை வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். கட்டுக்கதை அல்ல, ஆதாரமுள்ள சரித்திரம்.

1953-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஓர் உத்தரவு போட்டார். அதை வைத்து, இப்படிப்பட்டவர்கள் என்று சந்தேகம் வந்தாலே வேலையை விட்டுத் துரத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அதில் ஒருவர் ஃபிராங்க் கமெனி. ஹார்வர்டில் வானசாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர். 1957-ல் ராணுவ வரைபட இலாகாவிலிருந்து டிஸ்மிஸ். கமெனி சும்மா இருக்கவில்லை. கேஸ் போட்டுத் தோற்றார். கடைசியில் வக்கீல் இல்லாமல், சட்டம் படிக்காத அவரே மனு எழுதி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1961-ல் மனுவை ஏற்கவே மறுத்துவிட்டார்கள்.

பார்ட்டி-இன்-பெர்சன்! எத்தனை பேரைப் பார்த்திருப்பேன் எங்கள் கோர்ட்டில்... மஞ்சள் பையும் கையெழுத்து மனுவுமாக! 'வந்துட்டான்யா' என்று சலித்துக்கொள்வோம்.

1965 ஏப்ரல் 17-ம் தேதி, அதே வெள்ளை மாளிகை வாசலில் கமெனியும் கூட்டாளிகளும் பதாகை பிடித்து நடந்தார்கள். மொத்தம் பத்தே பேர். ஆண்கள் கோட்டு, டையோடு, பெண்கள் கவுனோடு வர வேண்டும் என்பது கமெனியின் கண்டிப்பு. 'வேலை கேட்டுப் போகிறவன் வேலைக்குப் போகிற மாதிரி இருக்கணும்' என்பது அவர் கட்சி.

1975-ல் அந்தத் தடை பெரும்பாலான அரசு வேலைகளுக்கு நீங்கியது. 1998-ல் கிளின்டன் போட்ட உத்தரவு பாரபட்சமே கூடாது என்றது. 2009-ல், டிஸ்மிஸலை உறுதி செய்த கமிஷனுக்கு வாரிசாக வந்த இலாகாவின் தலைவரே கமெனியிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார். நடுவில் 52 வருஷம்! நம்ம சிவில் கேஸ்கூட அதற்குள் முடிந்துவிடும். அப்போது கமெனிக்கு 84 வயது. மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். 2011-ல் காலமானார். டுபான்ட் சர்க்கிள் பக்கம் ஒரு தெருவின் ஒரு பகுதிக்கு இன்று அவர் பெயர்.

வக்கீல் பையைத் திறந்து சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார். "இந்தக் காகிதம் ரெண்டு டாலர் பெறாது சார். ஆனா, அவரை வெளியே போன்னு எழுதின அதே அரசாங்கம் எழுதிக் கொடுத்தது!"

எனக்கு எங்கள் ஆபீஸ் 'முத்தெழுத்து' ஞாபகம் வந்துவிட்டார்.

சூட் ரிஜிஸ்டர் எழுதுகிறவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் அந்தப் பெயர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரிலிருந்து ஒரு சிநேகிதர் மாதம் ஒரு முறை வந்து தங்குவார். அவ்வளவுதான். ஆபீசில் கேலிக்குக் கேட்க வேண்டுமா? ஜாடை, கனைப்பு, கழிப்பறைச் சுவரில் கரிக்கட்டி எழுத்து... நான் எழுதவில்லை. ஆனால் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். 2003-ல் அவர் ரிட்டயரான அன்று லீவு போட்டுவிட்டார். மாலை, சால்வை, குரூப் போட்டோ எதுவும் இல்லாமல் முப்பது வருஷ சர்வீஸ் முடிந்தது. 'நல்லதாப் போச்சு, செலவு மிச்சம்' என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் சிரித்தோம்.

நம் ஊரிலும் காலம் நிற்கவில்லை. 2018-ல் நம் சுப்ரீம் கோர்ட் இது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்னது. 2021-ல் சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி ஒரு வழக்கில், தனக்கே இதெல்லாம் சரியாகப் புரியவில்லை என்று ஒரு மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து உத்தரவு போட்டார். நீதிபதியே தெரியாது என்று சொல்லலாம் என்றால், குமாஸ்தா சொல்வதற்கு என்ன வெட்கம்?

2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஆட்சி மாறியது. மத்திய அரசு ஆபீஸ்களில் இந்த மாதிரித் திட்டங்களையெல்லாம் நிறுத்தச் சொல்லி உத்தரவு. பல இடங்களில் ஊழியர் குழுக்கள் கலைந்தன. வக்கீலை வாட்ஸப்பில் விசாரித்தேன். "இந்த வருஷம் கேக் கிடையாது. சர்ட்டிபிகேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறையில மாட்டிட்டோம். தபால் வேன் மட்டும் வழக்கம்போல இடிச்சுக்கிட்டிருக்கு" என்று பதில் வந்தது. கொடுத்த காகிதத்தை நினைத்தால் நிறுத்திவிடலாம் போலிருக்கிறது. அன்று தட்டிய கையைத் திரும்ப வாங்க முடியுமா?

போன மாதம் முத்தெழுத்தின் விலாசத்தை விசாரித்து, பஸ் ஏறிப் போனேன். எண்பது வயது. தனியாக இருக்கிறார். சிநேகிதர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாயிற்றாம். காபி போட்டுக் கொடுத்தார். நான் எதையும் கேட்கவில்லை, அவரும் எதையும் சொல்லவில்லை. வாஷிங்டன் பற்றிக் கேட்டார். வெள்ளை மாளிகை வாசலில் பத்துப் பேர் நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்துப் பேர் கிடைச்சாங்களா?" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பையிலிருந்து சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டேன்.

"என்னய்யா இது... எதுக்கு இப்போ?"

"ஆபீஸ் பாக்கி சார். இருபத்திரண்டு வருஷமா நிலுவையில இருக்கு" என்றேன்.

சால்வையை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டார். "வட்டி போடலையா?" என்று கேட்டுச் சிரித்தார். இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்தோம்.