பெயர் இல்லாத கூலிப் பட்டியல்

வறட்சிக் காலங்களில் ராஜஸ்தான் கிராமங்களில் அரசு குளம் வெட்டும், சாலை போடும். ஆனால் வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான கூலி கைக்கு வராது. கேட்டால், அளந்ததில் வேலை குறைவு என்பார்கள். பதிவேட்டைக் காட்டச் சொன்னால், அது அரசு ரகசியம்!

1990ல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அந்த ரகசியத்தை உடைத்தது. 1994 டிசம்பரில் தொடங்கிய பொது விசாரணைகளில் ஆவணங்கள் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. இறந்தவர்கள் கூலி வாங்கியிருந்தார்கள். கட்டாத கட்டடங்கள் கணக்கில் நின்றன. 1996ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. 2005ல் தேசிய அளவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்று குடிமகனின் கவலை வேறு. தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரத்தை 2019 திருத்தம் மத்திய அரசிடம் கொடுத்தது. எந்த அரசைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அதன் கையில் ஆணையரின் சம்பளம். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் விவரம் என்றாலே மறுக்கலாம் என்று பழைய பிரிவை மாற்றி எழுதியது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று இன்னொரு பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் எது பொதுநலன் என்று முதலில் முடிவு செய்பவர் அதே அலுவலகத்தின் அதிகாரி.

கூலிப் பட்டியலில் இருப்பவை பெயர்கள்தான். அவற்றை மறைத்துவிட்டால், இறந்தவர் கூலி வாங்கியதை ஊரார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?